விசேஷ வீட்டில் எதில் பரிமாறுவது: வாழையிலை, பாக்குமட்டை, தையல் இலை, எவர்சில்வர் தட்டு

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கமெல்லாம் மண்டபத்துக்கு நாள் கிடைப்பது அரிதாகிவிடும். தேவையற்ற பொருட்களை வீட்டுக்குள் விடாமலும் குப்பையைப் பெருக்காமலும் வாழ முயலும் குடும்பங்கள் அந்தச் சமயத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காதணி விழாவுக்கோ வளைகாப்புக்கோ முந்நூறு பேரை அழைக்கிறோம், பிளாஸ்டிக் கூடாது என்று முடிவும் செய்துவிட்டோம், ஆனால் எதில் சோறு போடுவது என்பதே அது. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, தையல் இலை, வாடகைக்கு எடுக்கும் எவர்சில்வர் தட்டு ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் பலர் கடைசி வாரத்தில் சமையல் காண்ட்ராக்டரிடமே பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர் தமக்கு எளிதானதைக் கொண்டு வருகிறார்.

இது சின்ன விஷயம் அல்ல. ஒருவருக்கு ஓர் இலை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பாயசக் கப், ஒரு ஐஸ்கிரீம் கப், அதற்கொரு கரண்டி என்று எண்ணினாலே முந்நூறு பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு உருப்படிகள் ஒரே வேளையில் குப்பையாகின்றன. ஆண்டு முழுவதும் துணிப்பையோடு கடைக்குப் போய்ச் சேர்த்த சிக்கனம் ஒரு பந்தியில் கரைந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. நாம் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தாலும் அது நாலு சுவருக்குள் நடப்பது. பந்தியில் நடப்பதையோ உறவும் தெருவும் உட்கார்ந்து பார்க்கின்றன. நம்மைப் பார்த்து இன்னொரு குடும்பம் மாறுமானால், அது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது, சாப்பிட்டு எழுந்த பிறகு அந்தப் பொருள் எங்கே போகிறது என்பது. எதனால் செய்யப்பட்டது என்று கேட்பவர்கள் நிறைய. எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் குறைவு. என் கணிப்பில் பாதித் தீர்ப்பு இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, தண்ணீர். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரி நீரையும் நாம் நம்பியிருக்கிறோம். இந்த ஊரில் கழுவும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு முழுமையாகாது. மூன்றாவது, ஆள்: எடுப்பவர், கழுவுபவர், தரம் பிரிப்பவர் யார், அவர்களுக்குக் கூலி உண்டா என்பது. நான்காவது, பணம், குறிப்பாக முதலில் கண்ணில் படாத செலவு. ஐந்தாவது, பந்தியில் அமரும் பெரியவர்களின் மனம். ஆறாவது, இதைப் பார்த்துவிட்டுப் போகும் ஒருவர் தம் வீட்டு விசேஷத்திலும் செய்யக்கூடியதாக இருக்கிறதா என்பது.

மறைமுகச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சூழலைக் கெடுத்தவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. நம் மாவட்டத்திலிருந்து போன வழக்கு அது. விருந்து வைப்பவருக்கும் இந்தக் கோட்பாடு பொருந்தும் என்றே நான் கொள்கிறேன். மண்டபத்துக்குத் துப்புரவுக் கட்டணம் கட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கட்டணம் குப்பையை நம் கண்ணிலிருந்து மட்டுமே அகற்றுகிறது.

போட்டியிலேயே இல்லாதது: பேப்பர் இலை

வாழையிலையைப் போலவே பச்சை நிறத்தில் நரம்பெல்லாம் அச்சிட்டு வரும் பேப்பர் இலை இன்னும் கடைகளில் கிடைக்கிறது. காகிதம்தானே என்று வாங்குபவர்கள் அதில் ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கலாம். ஊறிய காகிதத்தைச் சுரண்டி எடுத்தால், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று முழுதாகக் கையில் மிஞ்சும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கோப்பையும், 2018 ஜூன் மாதம் ஆணை பிறப்பிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையில் அடங்கியவை. சோறும் குழம்பும் ஒட்டிய அந்தத் தாளை மாடு அப்படியே தின்றுவிடும் என்பதால், அது சும்மா கிடக்கும் குப்பையைவிடக் கேடானது. எனவே அதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் பார்ப்போம்.

வாழையிலை

மனநிறைவு என்ற அளவுகோலில் இதற்கு நிகரில்லை. நுனி இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பில் தொடங்கிப் பரிமாறும் முறைக்குப் பழகியவர்களுக்கு வேறெதுவும் விருந்தாகப் படுவதில்லை. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க் குழம்போ, ஆம்பூர் பிரியாணியோ, எதை வைத்தாலும் இலை தாங்கும். கழுவத் தண்ணீர் தேவையில்லை, துடைத்துவிட்டாலே போதும். தோட்டத்திலிருந்து நேரே வாங்க முடிந்தால் பணமும் பக்கத்து ஊர் விவசாயியிடமே சேரும்.

இத்தனை இருந்தும், கேட்பவர்களிடம் நான் உடனே தலையாட்டுவதில்லை. மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். இலையை எடுப்பவருக்கு அடுத்த பந்திக்குள் மேசையைக் காலி செய்தாக வேண்டும் என்ற அவசரம். அவர் இலை, பாட்டில், கப், கரண்டி, மேசையில் விரித்த தாள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சிடுகிறார். அந்த முடிச்சு விழுந்த கணத்தில் வாழையிலைக்கும் பேப்பர் இலைக்கும் இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி போய்விடுகிறது. காற்றுப் புகாத குப்பை மேட்டில் புதையும் எந்த இலையும் உரமாவதற்கு முன் மீத்தேன் வாயுவைத்தான் வெளியிடும்.

ஆகவே வாழையிலையைத் தேர்ந்தெடுப்பவர், இலையை யார் எடுத்துச் செல்வார் என்பதை இலைக்கு முன்பணம் கொடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். மாட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லி வைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். வேலூர் சி. சீனிவாசன் முன்னெடுத்து வெளி மாநிலங்கள் வரை போன திடக்கழிவு மேலாண்மை முறையும், பிரித்த உணவுக் கழிவை மாட்டுக்குக் கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். இலையை மாடு நன்றாகத் தின்னும். இலையோடு சேர்த்து மிஞ்சிய சோற்றையும் அண்டா கணக்கில் கொட்டினால் அதன் வயிற்றில் அமிலம் மிகுந்து, உப்புசம் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நோய் இது. எனவே சோறு வேறு, இலை வேறு என்று இரண்டு தொட்டிகள் வைக்க வேண்டும். மாட்டுக்காரர் கிடைக்காவிட்டால், இலையை நறுக்கி உரக்குழியில் காய்ந்த சருகோடு மாற்றி மாற்றி அடுக்கலாம். நறுக்காமல் போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து காற்றை அடைத்துக்கொள்ளும்.

மற்றொரு மறைமுகச் செலவு வெயில். வைகாசி முகூர்த்தத்தில் நம் ஊர் வெயிலுக்கு, காலையில் இறக்கிய கட்டு மதியப் பந்திக்குள் வாடி மடிப்பில் கிழியத் தொடங்கும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாலும் பத்துக்கு ஒன்று கழியும் என்று வைத்துக் கூடுதலாக வாங்க வேண்டும். முகூர்த்த நாளில் விலையும், புயல் தோட்டத்தைச் சாய்த்த மாதத்தில் விலையோடு தட்டுப்பாடும் ஏறும்.

பாக்குமட்டைத் தட்டு

மரத்திலிருந்து தானாக உதிரும் மட்டையைக் கழுவி, சூட்டில் அழுத்தி வார்ப்பது இது. பசையோ பூச்சோ இல்லை. காய்ந்த பொருள் என்பதால் வெயில் இதை ஒன்றும் செய்யாது. மிஞ்சியதைக் கட்டி வைத்து அடுத்த விசேஷத்துக்கும் பயன்படுத்தலாம். கையில் ஏந்திக்கொண்டு நிற்க முடிவதால் பஃபே முறைக்கு ஏற்றது. வாழையிலைக்கு இந்த வசதி இல்லை.

குறைகளும் உண்டு. வட ஆற்காட்டில் பாக்குத் தோப்பு எங்கே இருக்கிறது? தட்டு கர்நாடகத்திலிருந்தோ சேலம் பக்கமிருந்தோ லாரியில் வர வேண்டும். ஈரம் பட்ட கிடங்கில் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போது கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சூடான ரசத்தை ஊற்றியதும் நனைந்த மரப்பட்டையின் வாசம் எழுவதைச் சிலர் விரும்புவதில்லை. தடிமன் அதிகம் என்பதால் உடைத்துப் போடாவிட்டால் மட்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பாக்கில் இயல்பாக உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று கூறி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025-இல் இத்தட்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்திருக்கிறது. எப்போதோ ஒரு வேளை சாப்பிடுவதற்காக அஞ்ச வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இயற்கையானது என்பதாலேயே ஐயத்துக்கு இடமில்லை என்று பேசுவோர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் வசதியோ கழுவும் ஆளோ இல்லாத இடத்தில், குலதெய்வக் கோயில் பொங்கல், மலையடிவாரத்து வேண்டுதல் போன்றவற்றில் இதுவே ஏற்றது. வீட்டிலும் மண்டபத்திலும் இதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன்.

தையல் இலை

மந்தாரை, புரசு, ஆல் இலைகளை ஈர்க்குச்சியால் இணைத்துச் செய்வது. இலை பறித்துத் தைக்கும் குடும்பங்களுக்கு வருமானம் தருவது, சீக்கிரம் மட்குவது, எடை குறைந்தது. ரசம் ஊற்றினால் ஒழுகும் என்பதால் முழுச் சாப்பாட்டுக்கு ஒத்துவராது; இட்லி, பொங்கல், சுண்டல், பிரசாதத்துக்கு மிகப் பொருத்தம். இயந்திரத்தில் அழுத்தி வருவனவற்றில் இலைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளோ பூச்சிட்ட அட்டையோ ஒட்டியிருக்கக்கூடும். திருப்பிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எவர்சில்வர் தட்டு

குப்பை என்ற அளவில் பார்த்தால் தட்டினால் வருவது ஏதுமில்லை. மிஞ்சிய உணவு மட்டுமே கழிவு. வாடகைப் பாத்திரக் கடைகளில் அண்டா, குண்டான், வாளியோடு தட்டும் கேட்டால் கிடைக்கும். முந்நூறு பேருக்கு முந்நூறு தட்டு எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. நூறு நூறாக மூன்று பந்தி என்றால், முதல் பந்தித் தட்டு கழுவி வருவதற்குள் இரண்டாம் பந்தியைத் தொடங்க ஐம்பது தட்டு கூடுதலாக இருந்தால் சமாளிக்கலாம், நூற்றைம்பது போதும்.

எல்லோரும் எழுப்பும் தடை தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அந்தத் தடை நியாயமானதே. மூன்று தொட்டி முறையில் கணக்கு மாறிவிடும். முதலில் தட்டில் ஒட்டியதை வழித்தெடுத்துவிட்டு, ஒரு தொட்டியில் அலசி, இரண்டாவதில் சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டுத் தேய்த்து, மூன்றாவதில் சுடுநீரில் முக்கி எடுத்து, துணியால் துடைத்து அடுக்கினால், தட்டுக்கு ஒரு லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். முந்நூறு பேருக்கு முந்நூறு லிட்டர், அதாவது ஒன்றரை டிரம். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரித் தண்ணீரில் இது நாற்பதில் ஒரு பங்கு. சோப்பு படாத முதல் தொட்டி நீரைத் தென்னைக்கு விடலாம். சோப்பு நீர் தெருச் சாக்கடைக்கும் அங்கிருந்து பாலாற்றுக்கும் போகும் என்பதால் தூளை அளவாகப் போடுவது அவசியம்.

உண்மையான மறைமுகச் செலவு தண்ணீர் அல்ல, ஆள். கழுவுவதற்கென்று தனியே ஆள் வைக்காத வீடுகளில் அந்த வேலை யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும்: மருமகள், நாத்தனார், வீட்டில் வேலை செய்யும் அம்மா. விருந்து முழுவதும் பின்கட்டில் குனிந்தே இருந்துவிட்டு, கடைசிப் பந்தியில் ஆறிய சாம்பாரோடு உட்காருபவர்களும் அவர்களே. சூழலைக் காப்பதன் சுமையைப் பெண்கள் மீது ஏற்றிவிட்டுப் பெருமையை மட்டும் குடும்பத் தலைவர் எடுத்துக்கொள்வதானால், அதற்கு வாழையிலையே மேல் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு பேருக்கு முழுநாள் கூலி, நின்றபடி கழுவ இடுப்பளவு மேடை, முதல் பந்தியிலேயே சாப்பாடு என்ற மூன்றையும் திட்டத்தில் சேர்த்த பிறகு வரும் தொகைதான் எவர்சில்வர் தட்டின் உண்மையான விலை.

அடுத்தது எச்சில் பற்றிய மனத்தடை. பிறர் உண்ட தட்டில் உண்ணமாட்டேன் என்று சொல்லும் பெரியவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. விசேஷ நாளில் வாதிடுவது நாகரிகமும் அல்ல. ஓட்டல்களில் செய்வதுபோல், வாழையிலையை ஏடாக நறுக்கித் தட்டின் மேல் போட்டுவிட்டால் அவர்களுக்கும் நிறைவு, நமக்கும் எண்ணெய்ப் பிசுக்கு குறைவதால் கழுவும் நீர் மிச்சம். ஒரு பெரிய இலை மூன்று நான்கு தட்டுக்கு வரும். கிழிந்த இலையும் வீணாகாது. தமிழ் இஸ்லாமியர் விருந்துகளில் சஹன் என்னும் அகன்ற தட்டைச் சுற்றிப் பலர் சேர்ந்து உண்ணும் வழக்கத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பாத்திரத்தைக் குறைப்பதில் அதை வெல்லும் முறை எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தட்டுக்கு நான் பரிந்து பேசியதாகிவிடும். எவர்சில்வரில் குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் உண்டு. நாட்டின் குரோமியத் தாதுவில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, அங்குள்ள நீர்நிலைகள் கெட்டதும் அந்தச் சுரங்கங்களால்தான். இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு மலைபோல் கிடப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு விசேஷத்துக்காக முந்நூறு புதுத் தட்டு வாங்கிப் பரண்மேல் போடுவது சிக்கனமும் அல்ல, சூழலுக்கு நல்லதும் அல்ல. ஒரே தட்டு பல குடும்பங்களின் பந்தியில் ஆண்டுக்கணக்கில் சுற்றி வரும்போதுதான் அதைத் தோண்டி உருக்கிய கேடு ஈடாகிறது.

தட்டோடு முடியாதவை

எந்தத் தட்டை எடுத்தாலும், இலைக்கு ஒன்று என்று வைக்கும் முந்நூறு மில்லி தண்ணீர் பாட்டிலை நிறுத்தாவிட்டால் மற்றதெல்லாம் கண்துடைப்பாகிவிடும். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் முந்நூறு பேருக்கு நூற்றைம்பது லிட்டர். எட்டு கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும். காட்பாடியை அடுத்த கரிகிரியின் மண்பானைகளில் ஊற்றி வைத்தால் வெயில் நாளில் ஐஸ்பெட்டியைக் கேட்க ஆளிருக்காது.

தாம்பூலப் பை மற்றொன்று. துணிபோலத் தோன்றும் நெய்யாத பை பிளாஸ்டிக்தான். அதுவும் தடையில் உண்டு. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்துக்குப் பின் பலர் மஞ்சப்பை கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருபது பை வைத்திருப்பவருக்கு இருபத்தோராவதைக் கொடுப்பது என்ன எளிமை? வெற்றிலை பாக்கையும் பழத்தையும் கையில் கொடுத்து வணங்கினால் யாரும் குறையாக நினைப்பதில்லை.

எந்த வீட்டுக்கு எது

வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு இருநூறு, முந்நூறு பேருக்குள் முடியும் காதணி, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்றால் எவர்சில்வர் தட்டையே சொல்வேன்; பெரியவர்கள் நிறைய வரும் குடும்பமானால் அதன்மேல் ஓர் ஏடு. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரிலும், போர்க்குழாய் வற்றித் தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் தெருவிலும் இதை வற்புறுத்தமாட்டேன்.

மாடு வளர்ப்பவரோ உரக்குழி உள்ள தோட்டமோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் வாழையிலையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆயிரம் பேருக்கு மேல் வரும் திருமணத்துக்கும் அதுவே நடைமுறைக்கு உகந்தது. ஆனால் பிரித்தெடுக்க இரண்டு ஆளைத் தனியே அமர்த்தி, யார் எடுத்துச் செல்வது என்பதை மண்டபத்தாரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகுத்திருந்தன. இதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று மண்டபத்தார் சொன்னால் இந்த விதியை நினைவூட்டலாம்.

காலைச் சிற்றுண்டி மட்டும் என்றால் தையல் இலை. கோயில், மலையடிவாரம், நின்றபடி உண்ணும் விருந்து என்றால் பாக்குமட்டை.

பார்த்தவர்களும் செய்ய வேண்டுமென்றால்

'இது பிளாஸ்டிக் இல்லா விழா' என்று வாசலில் பதாகை கட்டுபவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பதாகையே பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் அச்சானது. அறிவுரையைவிட, அடுத்த வீட்டுக்காரர் மறுநாள் வந்து கேட்கும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பது பயன் தரும்: தட்டு எங்கே கிடைக்கும், கழுவுகிறவர் யார், மொத்தம் எவ்வளவு ஆயிற்று? ஒரு தாளில் கணக்கை எழுதி வைத்துக் கேட்பவரிடம் கொடுத்துவிடலாம். அதிகமாகியிருந்தால் அதிகமாயிற்று என்றே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் நம்பிச் செய்தவர் நம்மைத் திட்டுவார்.

கேரளத்தில் 2015-இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் தொடங்கிய பசுமை நெறிமுறை, அதாவது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருட்களைத் தவிர்க்கும் முறை, அங்கே கலியாண வீடுகள் வரை பரவியிருக்கிறது. பெங்களூரில் அதம்ய சேதனா அமைப்பு, விழாக்களுக்குத் தட்டு கொடுத்து வாங்கும் தட்டு வங்கி நடத்துகிறது. நம் தெருக்களில் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது. பத்துக் குடும்பங்கள் பதினைந்து தட்டு, பதினைந்து டம்ளர் வீதம் போட்டால் நூற்றைம்பது சேர்ந்துவிடும். பழைய தட்டாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியிருக்காது.

இதில் கெடுவது நல்லெண்ணத்தால் அல்ல, கணக்கால்தான். பாத்திரத்தில் வீட்டுப் பெயர் வெட்டுவதுபோல் ஒவ்வொரு தட்டிலும் தெருவின் பெயரை வெட்டிவிட வேண்டும். யார் வீட்டில் இருக்கும், பொங்கலுக்குப் பொங்கல் யாருக்கு மாறும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். குறைந்த தட்டுக்கு விசேஷம் வைத்தவரே விலை தர வேண்டும், அவர் நெருங்கிய உறவாக இருந்தாலும்.